மிதித்தால் கத்துகிறதா, விட்டால் கத்துகிறதா?

கார் கேள்வி–பதில்

மேற்குச் சென்னை வாசகர்களின் கடிதங்களில் கிளட்ச் சத்தம் பற்றியவைதான் அதிகம். பாடியிலிருந்து ஆவடி வரைக்கும், போரூரிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் காலையிலும் மாலையிலும் ஊர்ந்து போகிறவர்களின் இடது காலுக்கு ஓய்வே கிடையாது. அதனால் இந்த இதழில் முழுப் பகுதியும் கிளட்ச்சுக்கே.

கிளட்ச்சை மிதித்தால் ‘கிர்ர்ர்’ என்று அரைக்கிற சத்தம். காலை எடுத்தால் நின்றுவிடுகிறது. என்ன கோளாறு?
— பள்ளி ஆசிரியை, அம்பத்தூர்

ரிலீஸ் பேரிங். உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது.

இன்ஜின் ஓடும்வரை ஃப்ளைவீலும், அதன்மேல் போல்ட் போட்டு முடுக்கிய பிரஷர் பிளேட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். உங்கள் பெடலும் அதோடு சேர்ந்த ஃபோர்க்கும் சுற்றாதவை. சுற்றாத ஒன்று, சுற்றுகிற ஒன்றைப் போய் அழுத்த வேண்டுமென்றால் நடுவில் ஒரு பேரிங் வேண்டும். அந்த வேலைக்குத்தான் ரிலீஸ் பேரிங். நீங்கள் மிதிக்கும்போது ஃபோர்க் அதைத் தள்ளுகிறது. அது பிரஷர் பிளேட்டின் நடுவிலுள்ள ஸ்பிரிங் விரல்களை அழுத்துகிறது. கிளட்ச் பிளேட் விடுபடுகிறது. பேரிங்குக்குள் கிரீஸ் வற்றி, குண்டுகளும் அவை ஓடும் தடமும் தேய்ந்துவிட்டால், பாரம் ஏறும் நேரத்தில் கத்தும். பாரம் ஏறுவது மிதிக்கும்போது. அதனால்தான் காலை எடுத்ததும் அடங்கிவிடுகிறது.

எனக்கு நேர் எதிராக நடக்கிறது. நியூட்ரலில் நிற்கும்போது ‘ம்ம்ம்’ என்று முனகல். கிளட்ச்சை மிதித்தால் அமைதி. இதுவும் ரிலீஸ் பேரிங்தான் என்று சொல்லிக் கிளட்ச் செட் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
— வங்கி ஊழியர், ஆவடி

பொறுங்கள். நீங்கள் சொல்வது பெரும்பாலும் கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங்.

நியூட்ரலில், பெடலில் கால் இல்லாதபோது, கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொண்டு சுற்றும். அதோடு கியர் பாக்ஸுக்குள் போகும் இன்புட் ஷாஃப்ட்டும் சுற்றும். மிதித்ததும் அந்த ஷாஃப்ட் வேகம் குறைந்து நின்றுவிடும். அது நிற்கும்போது சத்தமும் நின்றால், சத்தம் போட்டது அந்த ஷாஃப்ட்டைத் தாங்கும் பேரிங். கிளட்ச் செட்டை மாற்றினாலும் முனகல் அப்படியே இருக்கும். பணம் மட்டும் போயிருக்கும்.

முதல் வேலையாகக் கியர் ஆயில் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆயில் குறைந்து ஓடிய கியர் பாக்ஸில் பேரிங்குகள் சீக்கிரம் தேய்ந்துபோகும். வடித்த ஆயிலில் உலோகத் துகள்கள் மினுங்கினால் கியர் பாக்ஸைப் பிரித்துப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

இரண்டு விதிவிலக்குகளையும் தெரிந்துகொள்ளுங்கள். பெடலைச் சும்மா தொட்டாலே அடங்குகிற மெல்லிய ‘கீச் கீச்’ என்றால், அது ரிலீஸ் பேரிங் ஸ்பிரிங் விரல்களின்மேல் அழுத்தமில்லாமல் உரசுகிற சத்தமாக இருக்கலாம். முனகலாக இல்லாமல் ‘கடகட’ என்று தட்டினால், கிளட்ச் பிளேட்டின் நடுவிலுள்ள சிறு ஸ்பிரிங்குகள் தளர்ந்திருக்கலாம்.

மெக்கானிக்கிடம் போகும் முன் வீட்டு வாசலிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா?
— திருமுல்லைவாயல் வாசகி

உண்டு. கருவி எதுவும் வேண்டாம். ஒரு காதும் ஒரு காலும் போதும். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஏசி, பாட்டு இரண்டையும் அணைத்துவிட்டுக் கண்ணாடிகளை இறக்குங்கள்.

முதலாவது: இன்ஜினை ஓட்டாமலே பெடலை மெதுவாக மிதித்து மிதித்து விடுங்கள். இப்போதே கீச்சிட்டால் குற்றவாளி எந்த பேரிங்கும் இல்லை; பெடல் புஷ், கேபிள், ஃபோர்க் அமரும் இடம் இவற்றில் ஒன்று.

இரண்டாவது: இன்ஜினை ஓட்டி, நியூட்ரலில், பெடலில் கால் வைக்காமல் கேளுங்கள். இங்கே வரும் முனகல் இன்புட் ஷாஃப்ட்டைக் காட்டுகிறது.

மூன்றாவது: பெடலை மெல்ல அழுத்துங்கள். முதலில் கொஞ்சம் தொளதொளவென்று போகும். பிறகு காலில் ஓர் எதிர்ப்பு தட்டுப்படும். பேரிங்மேல் பாரம் ஏறும் இடம் அது. அங்கேயே பிடியுங்கள். அந்த இடத்தில் சத்தம் பிறந்தால் ரிலீஸ் பேரிங்.

நான்காவது: முழுக்க மிதியுங்கள். சத்தம் பெருத்தால் ரிலீஸ் பேரிங் என்பது உறுதி. அடங்கினால் இன்புட் ஷாஃப்ட்.

ஐந்தாவது: முழுக்க மிதித்தபடியே, பிரேக்கிலும் கால் வைத்து, முதல் கியரைப் போடுங்கள். இங்கே மட்டும் புதிதாகச் சத்தம் வந்தால் ஸ்பிகாட் பேரிங். கிராங்க் ஷாஃப்ட்டின் முனையில் உட்கார்ந்து இன்புட் ஷாஃப்ட்டின் நுனியைத் தாங்குவது அது. பின்சக்கர இழுவை உள்ள ஜீப், வேன் வகைகளில் பெரும்பாலும் இருக்கும். முன்சக்கர இழுவை உள்ள சிறிய கார்கள் பலவற்றில் கிடையாது.

இந்த ஐந்தையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு மெக்கானிக்கிடம் கொடுங்கள். “சத்தம் வருது” என்று மட்டும் சொல்வதற்கும், “எதிர்ப்பு தட்டுகிற இடத்தில் ஆரம்பித்து முழு மிதியில் பெருக்கிறது” என்று சொல்வதற்கும் இடையில் ஒரு கியர் பாக்ஸ் இறக்குகிற கூலி இருக்கிறது.

இன்ஜின் அணைந்திருந்தாலும் பெடல் கீச்சிடுகிறது. பயப்பட வேண்டுமா?
— பூந்தமல்லி

வேண்டாம். பெடல் அச்சிலுள்ள புஷ் காய்ந்திருக்கும், அல்லது கேபிளின் உள் இழைகள் பிரிந்திருக்கும். கியர் பாக்ஸை இறக்காமலே பார்க்கலாம். கேபிளில் ஓர் இழை அறுந்தது கண்ணில் பட்டால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள். மீதியும் அறுந்தால் நடுரோட்டில் நிற்பீர்கள்.

மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி ‘உய்ய்ங்’ என்கிறது. ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் சுருதி ஏறுகிறது.
— கொரட்டூர்

கிளட்ச்சை விட்டுவிடுங்கள், அது நிரபராதி. இன்ஜினின் பெல்ட் ஓடும் பக்கம் பாருங்கள். ஆல்டர்னேட்டர், பெல்ட்டை இறுக்கும் ஐட்லர் புல்லி, வாட்டர் பம்ப், ஏசி கம்ப்ரஸர் ஒவ்வொன்றிலும் பேரிங் உண்டு. ஏசியைப் போட்டு அணைக்கும்போது மட்டும் சத்தம் மாறினால் கம்ப்ரஸர் பக்கம் தேடலாம். மற்றதற்கு, மெக்கானிக் ஒரு நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஒவ்வொன்றின் உடல்மேலும் வைத்து, பிடியைக் காதோரம் வைத்துக் கேட்பார். பழைய முறைதான், இன்றைக்கும் பலிக்கிறது. ஓடுகிற பெல்ட் பக்கத்தில் நீங்களே முயல வேண்டாம், தெரிந்தவர் செய்யட்டும்.

உங்கள் பக்கத்து ஊரான பாடியில் இருக்கும் லூகாஸ் டிவிஎஸ் ஆலை, ஸ்டார்ட்டருக்கும் ஆல்டர்னேட்டருக்கும் பெயர் பெற்றது. அந்த வட்டாரத்தில் ஆல்டர்னேட்டரைப் பிரித்து பேரிங் மாற்றத் தெரிந்த கைகளைத் தேட வெகுதூரம் போக வேண்டியிருக்காது.

ஓடும்போது மட்டும் ஹூங்காரம். வேகம் கூடக் கூட அதிகமாகிறது. நியூட்ரலுக்கு மாற்றினாலும் நிற்கவில்லை.
— நெமிலிச்சேரி

வீல் பேரிங்கைச் சோதியுங்கள். வளைவில் வண்டி ஒரு பக்கம் சாயும்போது சத்தம் கூடிக் குறைந்தால் சந்தேகமே வேண்டாம்.

கிளட்ச் பெடல்மேல் காலை லேசாக வைத்தபடி ஓட்டலாமா?
— கல்லூரி மாணவர், திருநின்றவூர்

கூடாது. லேசாக வைத்தாலும் பேரிங் ஸ்பிரிங் விரல்களைத் தொட்டுக்கொண்டே சுற்றும். கியர் மாற்றும்போது ஒரு சில நொடி உழைக்க வேண்டிய பேரிங், நீங்கள் வீட்டிலிருந்து கல்லூரி போய்ச் சேரும்வரை உழைக்கிறது. இடது காலுக்கு பெடலுக்கு இடப்பக்கம் இடம் இருக்கிறது. அங்கே வையுங்கள்.

சிக்னலில் முதல் கியரைப் போட்டு, கிளட்ச்சை மிதித்தபடி பச்சை விளக்குக்குக் காத்திருப்பேன். சட்டென்று கிளம்ப வசதி. இதில் என்ன தப்பு?
— தனியார் நிறுவன ஊழியர், பாடி

கணக்கைப் பாருங்கள். சும்மா நிற்கும்போது இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்று சுற்றும். 90 நொடி சிக்னலில் 1,200 சுற்று. அத்தனையையும் முழு பாரத்தோடு உங்கள் ரிலீஸ் பேரிங் தாங்குகிறது. பாடியிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட், அம்பத்தூர் ஓ.டி. தாண்டிப் போகும்போது எத்தனை சிக்னல் என்பது உங்களுக்கே தெரியும். போகவும் வரவும், மாதம் முழுக்க என்று பெருக்கிப் பாருங்கள்.

நியூட்ரல் போட்டுவிட்டுக் காலை எடுங்கள். சிக்னலில் ஓடும் எண் ஐந்துக்கு இறங்கும்போது கியர் போட்டாலும் நேரத்துக்குக் கிளம்பிவிடலாம். பாதுகாப்பும் இதில்தான் அதிகம்: முதல் கியரில் நிற்கும்போது கால் வழுக்கினால், முன்னால் நிற்கிற பைக்காரர்மேல் பாய்ந்துவிடுவீர்கள்.

மேம்பாலச் சரிவில் நெரிசல். பிரேக் போடாமல் ஹாஃப் கிளட்ச்சிலேயே வண்டியைப் பின்னால் போகாமல் நிறுத்துவேன். நண்பர்கள் திறமை என்கிறார்கள்.
— மதுரவாயல்

கிளட்ச் பிளேட் அப்படிச் சொல்லாது. ஹாஃப் கிளட்ச்சில் பிளேட் வழுக்கிக்கொண்டே சுற்றுகிறது, வழுக்குவதெல்லாம் சூடாகிறது. அந்தச் சூட்டில் பிளேட்டின் மேல்பூச்சு கருகும், பிரஷர் பிளேட்டின் முகம் நீலம் பாயும், பேரிங்கிலுள்ள கிரீஸ் இளகும். ஹேண்ட் பிரேக்கை இழுத்து நில்லுங்கள். கிளம்பும்போது கிளட்ச் பிடிக்க ஆரம்பிக்கிறது என்று காலுக்குத் தெரிந்ததும் ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். பழகிக்கொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். அந்தத் திறமையைத்தான் நண்பர்கள் பாராட்ட வேண்டும்.

டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். என் வண்டிகளில் மட்டும் ஏன் கிளட்ச் இத்தனை சீக்கிரம் போகிறது?
— அம்பத்தூர் ஓ.டி.

புதிதாகப் பழகுகிறவர்களுக்கு பெடல்தான் பிடிமானம். பயம் வந்தால் கிளட்ச்சைத்தான் மிதிப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் முதல் வகுப்பிலேயே, கியரைத் தொடுவதற்கு முன்பே, “கியர் மாற்றியதும் இடது காலைப் பக்கத்தில் வை” என்று சொல்லிக் கொடுங்கள். உங்களிடம் கற்றவர் அடுத்த முப்பது வருடம் அதே பழக்கத்தில் ஓட்டுவார். மேற்குச் சென்னையின் கிளட்ச்சுகளைக் காப்பாற்ற உங்களால் முடிந்த அளவு வேறு யாராலும் முடியாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் தெருவில் நின்ற கார் பாதிச் சக்கரத்துக்கு முழுகியது. இன்ஜினுக்கு ஒன்றுமில்லை. ஆனால் பிறகு கிளட்ச்சில் சத்தம் ஆரம்பித்துவிட்டது. தொடர்பு உண்டா?
— முகப்பேர்

நிச்சயமாக இருக்கலாம். கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் தண்ணீர் புகாதபடி அடைத்த பெட்டி இல்லை. ஃபோர்க் நுழையும் இடத்திலும் அடிப்பக்கத்திலும் திறப்பு உண்டு. வண்டி தண்ணீரில் நிற்கும்போது சேறு கலந்த வெள்ளம் உள்ளே ஏறும். ரிலீஸ் பேரிங்கின் சீல் தூசியைத் தடுக்கும் அளவுக்குத்தான் செய்யப்பட்டது. சேற்று நீர் உள்ளே போய் கிரீஸைக் கெடுத்தால் துரு பிடிக்கும். அன்றைக்குத் தெரியாது, போகப் போகக் கத்தும். பல நாள் ஓட்டாமல் விட்டால் கிளட்ச் பிளேட்டே ஃப்ளைவீலோடு துருவில் ஒட்டிக்கொள்வதும் உண்டு.

கொரட்டூர், அம்பத்தூர் ஏரிகளையும் செம்பரம்பாக்கத்தையும் சுற்றி வாழ்கிற நாம் ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகைக்கும் இதை நினைவில் வைக்க வேண்டும். கனமழை எச்சரிக்கை வந்ததும் காரை மேட்டுக்குக் கொண்டு போங்கள். முழுகிவிட்டால் சாவியைத் திருப்பாதீர்கள். இழுத்துக்கொண்டு போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். கியர் ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, உடனே மாற்றுங்கள்.

பேரிங்கை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார் ஒரு மெக்கானிக். செட்டாக மாற்று என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?
— அயப்பாக்கம்

வண்டியைப் பொறுத்து இருவரும் சரி. இந்த வேலையில் பெரும்பகுதி செலவு கியர் பாக்ஸை இறக்கி ஏற்றுகிற கூலி. பேரிங் மட்டும் மாற்றினாலும் அதே கூலி, செட் மாற்றினாலும் அதே கூலி. ஆகவே கிளட்ச் பிளேட் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றுவதுதான் சிக்கனம். ஸ்பிரிங் விரல்களின் நுனியில் பள்ளம் விழுந்திருந்தாலும் செட்தான். தேய்ந்த விரலில் உட்காரும் புது பேரிங் சீக்கிரமே கத்த ஆரம்பிக்கும். சமீபத்தில்தான் செட் மாற்றினீர்கள், பிளேட் தடிமனாக இருக்கிறது, விரல்கள் சமமாக இருக்கின்றன என்றால் பேரிங் மட்டும் போதும்.

எப்படியானாலும் கியர் பாக்ஸ் இறங்கியிருக்கும்போது நான்கு இடங்களை நேரில் பாருங்கள்: கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க ஆயில் சீல் கசிகிறதா, ஃபோர்க் வளைந்திருக்கிறதா, பேரிங் முன்பின் நகரும் குழாய் கீறியிருக்கிறதா, ஃப்ளைவீல் முகத்தில் வெடிப்பு உண்டா. ஆயில் சீல் கசிந்தால் புதுப் பிளேட்டும் எண்ணெயில் நனைந்து வழுக்கும்.

உண்மையாகவே பழைய பேரிங்தான் போயிருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?
— இல்லத்தரசி, திருவேற்காடு

அருமையான கேள்வி, எல்லோரும் கேட்க வேண்டியது. வேலைக்கு விடும்போதே “பழைய சாமானைத் திருப்பித் தர வேண்டும்” என்று எழுதிக் கொடுங்கள். செலவு மதிப்பீட்டையும் எழுத்தில் வாங்குங்கள். பழைய பேரிங் கைக்கு வந்ததும் லேசாக அழுத்திக்கொண்டு சுற்றிப் பாருங்கள். உள்ளே மணல் இருப்பதுபோல் நறநறவென்றாலோ, வறண்டு கரகரவென்றாலோ, ஒரு பக்கம் ஆடினாலோ அது போனதுதான். புது பேரிங் கிரீஸ் இழுக்க, மெத்தென்று, சத்தமில்லாமல் சுற்றும். இரண்டையும் ஒரே நேரத்தில் இரு கைகளிலும் சுற்றிப் பார்த்தால் குழந்தைக்கும் வித்தியாசம் தெரியும்.

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் காலத்தில் பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் திணித்து மறுபடி மாட்டுவோம். ரிலீஸ் பேரிங்குக்கும் அப்படிச் செய்யலாமா?
— ஆவடி

ஐயா, 1965 டிசம்பரில் முதல் விஜயந்தா டாங்க்கை வெளியே அனுப்பிய தொழிற்சாலையிலிருந்து வருகிற கேள்விக்கு மரியாதையோடு பதில் சொல்கிறேன். திறந்த வகை பேரிங்குக்கு உங்கள் முறை மிகச் சரி. லாரி, டிராக்டர்களில் வெளியிலிருந்தே கிரீஸ் அடிக்க நிப்பிள் வைத்த ரிலீஸ் பேரிங்குகளும் உண்டு. ஆனால் இன்றைய கார்களின் ரிலீஸ் பேரிங் சீல் போட்டு மூடியது. ஆயுளுக்கும் வேண்டிய கிரீஸ் ஆலையிலேயே அடைத்திருப்பார்கள். மண்ணெண்ணெயிலோ பெட்ரோலிலோ முக்கினால் அந்த கிரீஸ் கரைந்து வெளியேறும். திரும்ப உள்ளே அடைக்க வழியில்லை. சத்தம் இரண்டு நாள் அடங்கி, மூன்றாம் நாள் இன்னும் பெரிதாக வரும்.

கிரீஸ் வேண்டிய இடங்கள் வேறு: ஃபோர்க் அமரும் முனை, பேரிங் நகரும் குழாய், இன்புட் ஷாஃப்ட்டின் பற்கள். அங்கும் கம்பெனி சொல்லும் கிரீஸை மெல்லிய பூச்சாகத் தடவினால் போதும். அதிகமானால் தெறித்து பிளேட்டில் படும். கிளம்பும்போது வண்டி உதறும்.

என்னிடம் மோரிஸ் மைனர் இருக்கிறது. அதில் பேரிங்கே இல்லை, கார்பன்தான் என்கிறார் மெக்கானிக். உண்மையா?
— பட்டாபிராம்

உண்மை. அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் குண்டு பேரிங்குக்குப் பதிலாக ஒரு கார்பன் வளையமே போய் அழுத்தும். சத்தமில்லாத ஏற்பாடு, ஆனால் மிதித்தபடியே நின்றால் வளையம் கடகடவென்று தேய்ந்து, உலோகம் உலோகத்தில் உரச ஆரம்பிக்கும். மற்றவர்களுக்குச் சொன்ன ‘சிக்னலில் நியூட்ரல்’ உங்களுக்கு இரட்டிப்பாகப் பொருந்தும்.

திருவள்ளூர் ஆலையில் தயாரான லான்சர் வைத்திருக்கிறேன். இப்போது ரிலீஸ் பேரிங் எங்கே தேடுவது?
— திருவள்ளூர்

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998-இல் உங்கள் ஊரில் அந்தக் காரைத் தயாரிக்கத் தொடங்கியதை நினைவில் வைத்திருக்கிறீர்கள், மகிழ்ச்சி. காரின் பெயரைச் சொல்லித் தேடுவதைவிட பேரிங்கின் விளிம்பில் பொறித்திருக்கும் எண்ணைச் சொல்லித் தேடுங்கள். பழையதைக் கையோடு கொண்டு போய், எண், உள்விட்டம், உயரம் மூன்றும் ஒத்துவருகிறதா என்று பாருங்கள். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் எண்ணை வைத்தே எடுத்துக் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன. புதுப்பேட்டையில் கதவும் கண்ணாடியும் தேடலாம். பழைய ரிலீஸ் பேரிங் மட்டும் வாங்காதீர்கள். எத்தனை சுற்று சுற்றியது என்று யாருக்கும் தெரியாத பேரிங்குக்காக கியர் பாக்ஸை இறக்குவது வீண் செலவு.

சத்தத்தோடு, மிதித்த பெடல் மெல்லக் கீழே போய்விடுகிறது. திரும்ப வர நேரமாகிறது.
— காட்டுப்பாக்கம்

உங்கள் காரில் கேபிள் இல்லை, ஹைட்ராலிக் கிளட்ச். ஆயில் எங்கோ கசிகிறது, அல்லது காற்று புகுந்திருக்கிறது. சில கார்களில் சிலிண்டரும் ரிலீஸ் பேரிங்கும் ஒரே உறுப்பாக கியர் பாக்ஸுக்குள் உட்கார்ந்திருக்கும். அப்படியானால் கசிவும் சத்தமும் ஒரே இடத்திலிருந்து வரலாம். இரண்டையும் ஒரே வேலையில் முடித்துவிடலாம். பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே டப்பாவிலிருந்துதான் ஆயில் போகிறது. மட்டம் இறங்கினால் தள்ளிப்போடாதீர்கள்.

டீசல் கார். ஆஃப் செய்யும்போதும் ஸ்டார்ட் செய்யும்போதும் ‘டங்’ என்று அடிக்கிறது.
— வேலப்பன்சாவடி

டூயல் மாஸ் ஃப்ளைவீல் உள்ள காரா என்று கையேட்டில் பாருங்கள். இன்ஜினின் அதிர்வை வாங்கிக்கொள்ள ஸ்பிரிங் வைத்து இணைத்த இரண்டு பகுதிகள் கொண்ட ஃப்ளைவீல் அது. ஸ்பிரிங் தளர்ந்தால் இப்படி அடிக்கும். விலை அதிகமான உறுப்பு. கிளட்ச் செட் மாற்றும்போதே அதன் ஆட்டத்தையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இத்தனை தொல்லை எதற்கு? கிளட்ச் பெடலே இல்லாத ஏஎம்டி வாங்கிவிட்டால் தீர்ந்தது அல்லவா?
— ஐயப்பன்தாங்கல்

பெடல் போகும், கிளட்ச் போகாது. 2014-இல் மாருதி செலெரியோவோடு நம் நாட்டுக்கு வந்த ஏஎம்டியில் அதே கிளட்ச் பிளேட், அதே பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் எல்லாம் உண்டு. மிதிக்கிற வேலையை உங்கள் காலுக்குப் பதில் ஓர் இயந்திரம் செய்கிறது. உங்கள் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தயாரித்த வென்யூவில் 2020-இல் வந்த ஐஎம்டியிலும் பெடல் கிடையாது, கிளட்ச் உண்டு. சரிவில் ஆக்ஸிலேட்டரை மிதித்தே வண்டியை நிறுத்திப் பிடிக்கிற பழக்கம் ஏஎம்டியிலும் கிளட்ச்சைக் கருக்கும். பிரேக்கைப் போடுங்கள்.

பெடலில் எவ்வளவு ஃப்ரீ ப்ளே இருக்க வேண்டும்?
— மாங்காடு

உங்கள் காரின் கையேடு சொல்கிற அளவு. எதிர்ப்பு தட்டுப்படும்வரை பெடல் தொளதொளவென்று போகிற இடைவெளிதான் ஃப்ரீ ப்ளே. கேபிள் கிளட்ச்சில் பிளேட் தேயத் தேய இந்த இடைவெளி குறைந்துகொண்டே வரும். இடைவெளியே இல்லாமல் போனால், நீங்கள் கால் வைக்காமலே பேரிங் அழுத்தப்பட்டுக் கிடக்கும். ஒவ்வொரு சர்வீஸிலும் அளக்கச் சொல்லுங்கள். ஒரு நட்டைத் திருப்பினால் முடிகிற வேலை இது. கவனிக்காமல் விட்டால் கியர் பாக்ஸ் இறங்கும்.

சத்தம் வந்துவிட்டது. அடுத்த வாரம் குடும்பத்தோடு திருப்பதி போக வேண்டும். வந்து பார்த்துக்கொள்ளலாமா?
— செவ்வாப்பேட்டை

பார்த்துவிட்டுப் போங்கள். மிதித்தால் மட்டும் லேசாகக் கேட்கிற பேரிங் இன்னும் கொஞ்ச நாள் ஓடலாம். ஆனால் எத்தனை நாள் என்று யாராலும் சொல்ல முடியாது. பேரிங் இறுகிப்போனால் சுற்றுகிற விரல்களை அரைக்கும், ஃபோர்க்கை வளைக்கும். பிறகு எவ்வளவு மிதித்தாலும் கிளட்ச் விடாது, கியர் விழாது. திருத்தணி, நகரி, புத்தூர் தாண்டி, அடிவாரத்தில் குழந்தைகளோடும் பெரியவர்களோடும் நிற்கும்படி ஆக வேண்டாம். மலைப்பாதையில் கிளட்ச்சுக்கு வேலை இன்னும் அதிகம். நேரமில்லையென்றால் இந்த முறை ரயிலிலோ பஸ்ஸிலோ போய் வாருங்கள்.

வழியில் நின்றேவிட்டால் அபாய விளக்கைப் போட்டு ஓரம் கட்டுங்கள். கியரை முரட்டுத்தனமாகத் தள்ளாதீர்கள். கிளட்ச்சோடு போகிற செலவு கியர் பாக்ஸையும் இழுத்துக்கொள்ளும்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறேன். கார் உதிரி பாகங்களின் ஊரிலேயே இருந்துகொண்டு என் கார் இப்படிக் கத்துவது வெட்கமாக இருக்கிறது.
— அம்பத்தூர்

வெட்கப்பட ஒன்றுமில்லை, பெருமைப்பட நிறைய இருக்கிறது. பிரேக் லைனிங்கும் கிளட்ச் ஃபேசிங்கும் செய்கிற ரானே ஆலை உங்கள் தொழிற்பேட்டையில்தான். பாடியில் வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா. ஒரு உறுப்பு எத்தனை சோதனை தாண்டி வெளியே வருகிறது என்று இந்த ஊருக்குத் தெரியும். அத்தனை கவனமாகச் செய்த பொருளை நாமும் கொஞ்சம் கவனமாக மிதிக்கலாம் என்பதே என் வேண்டுகோள்.

கடைசியாக ஒரே பதில்: கிளட்ச் சத்தம் வந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்?
— போரூர்

செலவு செய்வதற்கு முன் கேளுங்கள். மிதித்தால் வருகிறதா, விட்டால் வருகிறதா, இரண்டிலும் வருகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். மிதித்தால் வந்தால் ரிலீஸ் பேரிங், விட்டால் வந்தால் கியர் பாக்ஸ் பேரிங், இரண்டிலும் வந்தால் கிளட்ச்சுக்கு வெளியே. இதைச் சொல்லத் தெரிந்தவரின் காரில் தவறான வேலை நடப்பது அரிது. இன்று மாலை வீடு திரும்பியதும் ஐந்து நிமிடம் ஒதுக்கி, சத்தம் இல்லாத காரிலும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். நல்ல கிளட்ச் எப்படி ஒலிக்கும் என்று தெரிந்தவருக்குத்தான் கெட்ட கிளட்ச் முதல் நாளே பிடிபடும்.